ஒரு இருமல் என்றால் இடது பக்கம்

"ஆறு தெரிஞ்சவன் முன்ன எறங்கட்டும், மத்தவன்..." என்று என் பெரியப்பா ஒரு ஐப்பசி மாதத்தில் கூவத்தின் கரையில் நின்று கத்தினார். மற்றவன் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பின்பாதிதான் எனக்கு மறந்துபோயிற்று. வெள்ளம் இரைந்தது, வண்டிமாடு கத்தியது, பதினெட்டு வயசுப் பிள்ளையாக நானும் பயத்தில் கொஞ்சம் கத்தியிருப்பேன். இத்தனை இரைச்சலில் பாதி வாக்கியமாவது தங்கியதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிறரை நடக்க வைத்துப் பிழைக்கும் தொழில் என்னுடையது. வாடிக்கையாளர் தம் சொந்தக் காலில் கொப்புளம் வாங்கிக்கொண்டு, அதற்காக நம்மிடம் "ரொம்ப உபகாரம்" என்று சொல்லிவிட்டுப் போகிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்காமல், யாரோ ஒரு நண்பரின் பேச்சைக் கேட்டு, "சும்மா கொஞ்ச தூரம்தான்" என்ற சொல்லை நம்பி வெயிலில் கிளம்பிய சக பாவிகளே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த "கொஞ்ச தூரம்" என்ற பொய்யைச் சொல்கிறவன் நான்தான்.

என் சொந்த ஊர் கூவம் ஆற்றங்கரையில் ஒரு பழைய கிராமம். பேர் சொல்லமாட்டேன், அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். பூந்தமல்லியில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்தேன். இருபத்து நாலாம் வயசில், சென்னையில் ஒயின் வியாபாரம் செய்த ஒரு துரை போர்ச்சுகல் தேசத்துக்குக் குடிபோனபோது, கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று என்னையும் கப்பலேற்றினார். இருபது வருஷம் அங்கே இருந்தேன். துரை காலமாகி, அவர் வீடும் கைமாறிய பிறகு திரும்பி வந்து, அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயசாகிறது. இனி கதைக்கு வருகிறேன்.

மலையைக் காட்டு

போர்ச்சுகலில் டூரோ என்று ஒரு நதி. மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வரும். இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏறும். படிக்குப் படி சிலேட்டுக் கல்லால் சுவர் வைத்திருப்பார்கள். கழுதை போகிற ஒற்றையடிப் பாதைகளில் அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி, மலை மடிப்பில் ஒளிந்திருக்கும் பழைய கிராமங்களைப் பார்ப்பதில் துரையின் விருந்தாளிகளுக்குப் பைத்தியம். ஒரு வருஷத்தில் அந்த ஊர் பாஷை என் வாயில் ஏறிவிட்டது. அது தெரிந்த நாளிலிருந்து வழி காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

துணைக்கு வருவது யோவாக்கிம் என்ற கழுதைக்காரன், என் வயசுக்காரன். சாப்பாடும் ஒயின் குடுவையும் அவன் கழுதைமேல் வரும். ஒரு நாள் ஏழு விருந்தாளிகளோடு செங்குத்தான பாதை ஒன்றில் அரைமணி நேரம் ஏறினோம். பாதை நேராக ஒரு கோழிக்கூட்டு வாசலில் போய் முடிந்தது. கோழிகள் எங்களைப் பார்த்தன. நாங்கள் கோழிகளைப் பார்த்தோம். யோவாக்கிம் நிதானமாகக் கழுதையைத் திருப்பினான், தொப்பியைக் கழற்றினான், எதிர்மலையை நோக்கிக் கையை நீட்டி, "இதற்காகத்தான் இவ்வளவு தூரம்!" என்றான். ஏழு பேரும் திரும்பி நின்று கால்மணி நேரம் "ஆஹா" என்றார்கள். ஒரு அம்மாள் உட்கார்ந்து படமே வரைய ஆரம்பித்துவிட்டாள்.

இறங்கி வரும்போது, இரவல் வாங்கிய மூச்சோடு நடந்துகொண்டிருந்த என் காதருகில் யோவாக்கிம் சொன்னான்: "வழி தவறினால் மலையைக் காட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இருக்கும்."

கோவாவில் ஒரு தம்பி

அந்தக் கிராமங்களில் என்னைப்போல் நிறமுள்ளவனைப் பலர் பார்த்ததில்லை. தெருவுக்குள் நுழைந்தால் விருந்தாளிகளை விட்டுவிட்டு என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் என் கையைப் பிடித்து, எச்சில் தொட்டு, தேய்த்துப் பார்ப்பார்கள். கறுப்பு போகவில்லை என்று தெரிந்ததும் அடுத்த பிள்ளைக்குக் கையைக் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: எந்தத் தெருவிலும் "நீ மட்டும் வெளியே சுற்றிக்கொண்டு வா" என்று யாரும் சொன்னதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

மாதா கோயிலுக்கு எதிரே ஒரு பொது அடுப்பு. ஊரே அதில்தான் சோள ரொட்டி சுடும். அங்கே நின்ற ஒரு கிழவியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து எந்த ஊர் என்றாள். இந்தியா என்றேன். மாவுக் கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தம்பி கோவாவில் சிப்பாயாம், எனக்குத் தெரியாமலிருக்காதாம். கோவா ஒரு பக்கம், என் ஊர் வேறொரு பக்கம், நடுவில் எத்தனையோ நாள் பிரயாணம் என்று விளக்கினேன். நான் விளக்கி முடிக்கும்வரை காத்திருந்து, சுடச்சுட ஒரு ரொட்டியை என் கையில் திணித்து அவள் சொன்னாள்: "இருபது வருஷமாகக் கடுதாசி இல்லை. பார்த்தால் என் பேரைச் சொல்லி அவன் காதைத் திருகு."

பனைமரத்தைக் காட்டினேன்

கப்பலேறும் அன்று யோவாக்கிம் எனக்கு ஒரு தடி கொடுத்தான். செஸ்ட்நட் மரத்தில் அவனே செதுக்கியது. அந்தத் தடியை வைத்துக்கொண்டு அம்பத்தூரில் வேறு என்ன செய்வது? துரையின் பழைய சிநேகிதர்கள் சென்னையில் இருந்தார்கள். "நதிப் பள்ளத்தாக்கும் புராதனக் கிராமங்களும், ஒன்பது மைல், சாப்பாட்டோடு" என்று ஒரு நோட்டீஸ் அடித்து அவர்களுக்கு அனுப்பினேன். கூவத்துக்கு ஏது பள்ளத்தாக்கு என்று கேட்காதீர்கள். மணலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

பாதை இதுதான்: அம்பத்தூர் ஸ்டேஷன், அயனம்பாக்கம் ஏரிக்கரை, திருவேற்காட்டில் ஆறு, ஆற்றோடு மேற்கே சில மைல், எங்கள் ஊர், பிறகு பாரிவாக்கம், கடைசியில் பூந்தமல்லி. அங்கிருந்து வேலப்பன்சாவடி வழியாகப் போகும் மோட்டார் பஸ்ஸில் எல்லோரையும் பட்டணத்துக்கு ஏற்றிவிடலாம். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கக் கன்னியப்பனை வைத்துக்கொண்டேன். என்னைவிட மூன்று வயசு மூத்தவர். அவருடைய அப்பா என் பெரியப்பா நிலத்தில் வேலை செய்தவர். கன்னியப்பனின் இரண்டு பிள்ளைகளும் பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார்கள். அவரும் நிலத்து வேலையை விட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார்.

முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். திருவேற்காடு தாண்டியதும் எனக்கு வழி தெரியவில்லை. நான் விட்டுப்போன ஆறு அங்கே இல்லை. முள்ளும் நாணலும் கழுத்துவரை நின்றன. யோவாக்கிமை நினைத்துக்கொண்டேன். மலையைக் காட்டலாம் என்று திரும்பினால், பாவி நான் பிறந்த சீமையில் மலை ஏது? ஒற்றைப் பனைமரம் ஒன்று நின்றது. தடியை நீட்டி, "இதற்காகத்தான் இவ்வளவு தூரம்!" என்றேன். ஒன்பது பேரும் பனையைப் பார்த்தார்கள். ஒரு துரை மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றினார்.

சாப்பாட்டு நேரத்தில் கன்னியப்பன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நைனா, உனுக்கு வழி தெரியாது."

"யார் சொன்னது?"

"பனமரத்த காட்டி ஆகா ஓகோன்னியே, அப்பவே தெரிஞ்சிபோச்சி. நீ சீமைல குந்திகினு இருந்தப்ப ஆறு ரெண்டு தபா எடம் மாறிகீது."

"சரி, இப்போ என்ன பண்ணலாம்? நீ முன்னால போறியா?"

"நான் முன்ன போனா உன் பொழப்பு இன்னா ஆவறது? கூட தூக்கறவன் பின்னாலதான் வரணும்." கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "நான் இருமறேன். ஒரு இருமலுன்னா பீச்சாங்கை பக்கம், ரெண்டுன்னா சோத்தாங்கை பக்கம். நீ காத மட்டும் தொறந்து வச்சிகினு, மூஞ்ச தொர மாரி வச்சிகினு நட."

எருமை

இருமல் ஏற்பாடு மூன்று வருஷம் பழுதில்லாமல் நடந்தது. "உங்களுக்கு ஆற்றின் ஒவ்வொரு கல்லும் தெரிந்திருக்கிறதே!" என்று எத்தனை பேர் என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள்! நானும் வெட்கமில்லாமல் குலுக்கவிட்டேன். பின்னால் கூடையோடு வருகிறவர் தொண்டையைத் தடவிக்கொள்வார்.

ஒரு மார்கழி ஞாயிறு. அன்று வந்தவர்கள் எல்லாம் நம்மவர்கள், கொரட்டூரிலிருந்து ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் ஆறு பேர், தலையில் மப்ளரோடு. பாரிவாக்கத்து ஏரிப் பக்கம் போகும்போது கன்னியப்பன் ஒரு தரம் இருமினார். இடது பக்கம் திரும்பினேன். இரண்டு தரம் இருமினார். வலது பக்கம். உடனே மறுபடி ஒன்று. இது என்ன புதுப் பாதை என்று ஆச்சரியப்பட்டாலும், மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வரப்பு மேல் ஏறினேன், இறங்கினேன், வைக்கோல் போரைச் சுற்றினேன், வாய்க்காலைத் தாண்டினேன். அப்புறம் தொடர்ந்து ஏழெட்டு இருமல். எத்தனை பக்கம்தான் திரும்புவது? திரும்பிப் பார்த்தேன். கன்னியப்பன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, "ஜலதோசம் நைனா, ஜலதோசம்!" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக ஆட்டுகிறாரோ தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு எருமை அசைபோட்டுக்கொண்டு நின்றது. அந்த ஆறு பேரில் மூத்தவர், பருத்த உடம்பு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் வெகு மரியாதையாகக் கேட்டார்: "ஏன் சார், இந்த எருமையை மூணாவது தடவையா பாக்கறேன். இதுவும் நம்ம பார்ட்டிதானா?"

வைத்தியம்

அதற்கு அடுத்த மாதம் வந்தவர்களில் ஒருவர் பெரிய டாக்டர். அவருக்குக் காடு, ஆறு, கோயில் எதிலும் நாட்டமில்லை; கன்னியப்பன் மேலேயே கண். நாலைந்து தரம் நின்று நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். நெஞ்சு நோய்க்காரனைக் கொண்டு சாப்பாட்டுக் கூடையைத் தூக்கவைக்கிறாய் என்று சண்டைக்கு வந்தால் என் தொழில் அன்றோடு போயிற்று.

ஆற்று மணலில் உட்கார்ந்ததும் டாக்டர் பையிலிருந்து குழலை எடுத்தார். கன்னியப்பனை உட்காரவைத்து நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். மூச்சை இழு என்றார், விடு என்றார். இருமு என்றார். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று சொல்லாமல் இருமச் சொன்னால் அவர் என்ன செய்வார்? இருமல் வரவில்லை.

டாக்டர் குழலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "ஆள் இரும்பு மாதிரி இருக்கிறான். பாதை பிரிகிற இடத்தில் மட்டும் வருகிற இருமலுக்கு எங்கள் புஸ்தகத்தில் மருந்து இல்லை."

மோர்

எங்கள் ஊருக்கு வருவோம். நடையின் சிறப்பே அதுதான். நூல் பிடித்தாற்போல ஒரே தெரு. தெருக்கோடியில் கல் கோயில், சுவரெல்லாம் பழைய எழுத்து. நடுவில் என் பெரியப்பா வீடு. எழுபத்தைந்து வயசிலும் நடைப் பார்ட்டி வருகிற ஞாயிறு என்றால் காலையிலேயே சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பெஞ்சு துடைத்துப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோரை ஒரு பானை நிறையத் தயாராக வைத்திருப்பார். துரைமார் குடித்துவிட்டு நன்றி சொன்னால், "குடிங்க, குடிங்க, நம்ம ஊடுதான்" என்பார். அவருக்கு அது பெரிய பெருமை. எனக்கும்தான்.

கன்னியப்பன் அந்தத் தெருவுக்குள் வரக்கூடாது. ஊர் எல்லையில் ஒரு புளியமரம். அதுவரை என்னை "நீ, நைனா" என்று பேசி வருபவர், அங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்வார். கூடையோடு ஏரிக்கரை மேல் ஏறி, ஒன்றரை மைல் சுற்றி, கோயிலுக்கு அப்பால் வந்து எங்களோடு சேர்வார். நாங்கள் மோர் குடித்து முடிப்பதற்கும் அவர் வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். தெருவில் எனக்கு இருமல் தேவையில்லை, நேர்த் தெரு. அதனால் அவர் இல்லாதது எனக்கு உறைக்கவும் இல்லை.

போன தை மாதம் ஒரு வயசான வெள்ளைக்கார டீச்சரம்மா வந்தார். முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். பாதிரிமார் புஸ்தகத்தில் கற்ற தமிழ். புளியமரத்தடியில் நின்று கேட்டார்: "உமது ஊழியர் ஏன் நம்மை விட்டுப் பிரிந்து போகிறார்?" ஊர்க்காரன் நான், பெரியப்பா பெஞ்சு துடைத்துக் காத்திருக்கிறார், பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். "அவருக்கு நிழல் பிடிக்கும், அம்மா. கரை மேல் நல்ல நிழல்" என்றேன்.

டீச்சரம்மா குடையை மடக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கும் நிழல் பிரியம்."

நிழல்

அவர் கரை மேல் ஏறினார். ஒருவர் ஏறினால் மற்றவர் நிற்பார்களா? எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். தடியை ஊன்றிக்கொண்டு நான் ஒருவன் தெருவுக்குள் நடந்தேன். பெரியப்பா பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் காலியான தெருவைப் பார்த்தார். "எங்கடா உன் ஆளுங்க?" என்றார். ஒன்பது பேருக்கான மோரில் மூன்று டம்ளர் குடித்தேன், வேறென்ன செய்ய?

கோயிலுக்கு அப்பால் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். முகமெல்லாம் தக்காளிப்பழம். கன்னியப்பன் கடைசியில் வந்தார். கூடையில் ஒரு பக்கப் பிடியை டீச்சரம்மா பிடித்திருந்தார். என் எதிரில் வந்து நின்று, கொஞ்சமும் கோபமில்லாத குரலில் சொன்னார்: "ஒன்றரை மைல் தேடினேன். உமது நிழல் எங்கும் காணப்படவில்லை."

பூந்தமல்லியில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். கன்னியப்பன் கூடையைத் தரையில் வைத்திருந்தார்.

"அடுத்த வாரம் வேற ஆள பாத்துக்கோ நைனா."

"ஏன், என்ன ஆச்சு?"

"எனுக்கு நெழல்னா இஷ்டம்னு சொன்னியாமே. அந்தம்மா கேட்டுச்சி."

நான் தடியால் மண்ணைக் கீறினேன்.

"இருமற ரோசன நான் சொன்னது. அதுவும் பொய்யிதான். ஆனா ரெண்டு பேரும் சேந்து சொன்ன பொய்யி, சிரிச்சிகினே சொன்னோம். இது நீ ஒண்டியா சொன்னது. நாலு வருசமா கர மேல சுத்திகினு கீறேன், ஒரு ஆமணக்கு செடிகூட கெடியாது. 'அவன உள்ள உடமாட்டாங்க'ன்னு உள்ளத சொல்லிட்டு போயேன். உன் வாய்க்கு இன்னா கொறஞ்சிபூடும்?"

கூடையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். பத்தடி போய்த் திரும்பி, "கூடைய மழைல உடாத, மூங்கிலு ஊறிபூடும்" என்றார்.

ஆறும் தெருவும்

அன்று முதல் நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வழி போயிற்று என்பது ஒன்று. அதைவிடப் பெரிய துக்கம், பேச்சுத் துணை போயிற்று. இருபது வருஷம் அயல் தேசத்தில் என்னை எல்லாத் தெருவிலும் விட்டார்கள். கை தேய்ந்ததே தவிர மரியாதை தேயவில்லை. திரும்பி வந்து என் சொந்தத் தெருவுக்கு நான் காவல்காரனாகி, வெள்ளைக்காரியிடம் நிழல் கதை சொல்லியிருக்கிறேன். கோழிக்கூட்டு வாசலில் நின்றபோதுகூட இவ்வளவு வழி தவறியவனாக நான் உணர்ந்ததில்லை. காட்டுவதற்குப் பனைமரமும் இல்லை.

ஐந்தாம் நாள் பெரியப்பாவிடம் போனேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"பெரியப்பா, கன்னியப்பன் நம்ம தெரு வழியா வந்தா என்ன?"

"எதுக்கு வரணும்?"

"அவருக்குத்தான் வழி தெரியும்."

"தெருவுல இன்னாடா வழி? குருடன் கூட நேரா போவான்."

"அன்னிக்கு வெள்ளத்துல நம்ம வண்டி நின்னுச்சே, யார் முன்னால இறங்கினது?"

"அவன் அப்பன்."

"யார் இறங்கச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். இப்ப அதுக்கு இன்னா?"

"ஆறு தெரிஞ்சவன் முன்ன எறங்கட்டும், மத்தவன்... அப்புறம் என்ன சொன்னீங்க பெரியப்பா?"

அவர் கை தவிட்டுக்குள்ளேயே நின்றது. எனக்கு மறந்தது அவருக்கு மறக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. மாட்டின் முதுகைத் தட்டினார். "அவன இட்டுகினு வந்தியானா உனுக்கும் உன் தொரைங்களுக்கும் இந்த ஊட்ல மோரு கெடியாது. சொல்லிட்டேன்" என்றார். அப்புறம், நான் வாசல் தாண்டும்போது, எனக்கா மாட்டுக்கா என்று தெரியாத குரலில் சொன்னார்: "அது ஆறுடா. இது தெரு."

பின்பாதி

அங்கிருந்து நேராக ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனேன். முழங்கால் அளவுத் தண்ணீர். கன்னியப்பன் வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என் நனைந்த வேட்டியைப் பார்த்து, "மேல் பக்கம் வந்திருந்தா கணுக்கால் தண்ணிதான்" என்றார். இருமவில்லை.

"ஞாயித்துக்கிழமை பதினோரு பேர் வராங்க" என்றேன். "தெரு வழியா போலாம். நீ முன்னால."

"உன் பெரியப்பா இன்னா சொன்னாரு?"

"மோர் கிடையாதுன்னார்."

"அவ்ளோதானா?" கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கினார். "என் பசங்க ஒர்க்‌ஷாப்ல கீறானுங்க. அந்தத் தெருவுல எனுக்கு கெடைக்க வேண்டியதும் ஒண்ணுமில்ல, போறதுக்கும் ஒண்ணுமில்ல. உனுக்குத்தான் கீது. நல்லா ரோசன பண்ணிகினியா?"

"பண்ணிட்டேன்."

"சரி, கூட?"

"நான் தூக்கறேன்."

முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். என் தோளை, கழுத்தை, தலையை அளவெடுத்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டான். நான் பேச்சை மாற்ற, அந்த வெள்ளத்து வாக்கியத்தைக் கேட்டேன். அவரும் அன்று அதே ஆற்றில் வண்டிக்குப் பின்னால் நின்றவர்தான்.

"மத்தவன் அவன் துணிய புடிச்சிகினு வரட்டும்னாரு" என்றார் கன்னியப்பன். "மொதல்ல புடிச்சது உன் பெரியப்பாதான். புடிச்ச புடியில எங்கப்பன் வேட்டி டர்ருனு கிழிஞ்சிபோச்சி. அந்தக் கிழிசல தெச்சிகினே எங்கம்மா எத்தினி நாளு சிரிச்சிகினு இருந்தா தெரியுமா?"

நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"அந்தத் தெருவுக்குள்ள நான் ஒரு தபாகூட போனதில்ல நைனா. உள்ள எங்க திரும்பணும், எங்க நிக்கணும், ஒண்ணும் தெரியாது."

"நான் பின்னால இருமறேன்" என்றேன்.

கன்னியப்பன் கயிற்றைக் கீழே போட்டார். "பாத்து இருமு நைனா" என்றார். "ஒண்ணுக்கு ரெண்டா இருமிட்டேன்னு வையி, நேரா உன் பெரியப்பா மோர்ப்பானைல பூந்துடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை யோவாக்கிமின் தடியைக் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவர் பின்னால் தெரு வழியாகவே போனேன்.